உரச்சாக்கு போட்ட சோறு

(பட்டிமன்றத் தலைப்பு: மண்ணுக்கு உயிர் தருவது உரச்சாக்கா? எருக்குழியா? ‘எருக்குழியே’ அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

   

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “ராயபுரத்திலே பிறந்து, திருவொற்றியூரிலே குடியிருக்கிறவருக்கு உழவைப் பற்றி என்ன தெரியும்? இவர் பார்த்த ஒரே வயல் எண்ணூர் உப்பளம்தானே?” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நல்லாத்தானே கேட்டாங்க! (சிரிப்பு)

ஆனால் அம்மா, ஒன்று சொல்லுகிறேன். தஞ்சாவூர்க்காரருக்கு உரம் கடைக்கு வந்த பிறகுதான் தெரியும். எங்களுக்கு அது பிறக்கும்போதே தெரியும். நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-ல் ராணிப்பேட்டையில் வந்தது. 1960-களில் எண்ணூரில் ஓர் உர ஆலை வந்தது. அடுத்து மணலியில் மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ்; 1966-ல் நிறுவனமாகி, 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க எங்களுக்குக் கொடி வேண்டாம், மூக்கு போதும்! (சிரிப்பு)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மேடையிலே நின்றால் நான் பொய்யன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கப்பலில் உரம் மொத்தமாக வந்து இறங்கும். நம் நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் எல்லாமே வெளிநாட்டுச் சரக்குதான். அதைச் சாக்கில் பிடித்து, தைத்து, லாரியிலும் ரயில் பெட்டியிலும் ஏற்ற வேண்டும். சாயங்காலம் கல்மண்டபம் பக்கத்து எங்கள் வீட்டுக்கு அப்பா வரும்போது சட்டையெல்லாம் செம்புழுதி படிந்திருந்தால் பொட்டாஷ். வெள்ளையாக இருந்தால் யூரியா. அம்மா அந்தத் துணியை மட்டும் தனியாகத் துவைப்பார். நான் படித்த படிப்பு, வாங்கிய முனைவர் பட்டம் எல்லாம் அந்தச் சாக்குக் கூலியிலே வந்தது. உரச்சாக்கு போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன் இன்றைக்கு உரச்சாக்குக்கு எதிராகப் பேசுகிறேன். அதனால் யோசித்துத்தான் பேசுவேன், ஏசிப் பேச மாட்டேன். (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டையிலே இருபது கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு வந்தால் பெரிது. ஆக, ஒரு யூரியா மூட்டைக்கு ஈடுகட்ட நாலு டன் சாணி எரு வேண்டும். “நாலு டன்னை யார் சுமப்பது? பேராசிரியரா?” என்று கேட்டார். கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். 1909-ல் ஹேபர் என்ற ஜெர்மானியர் காற்றிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார். 1913-ல் அது தொழிற்சாலைக்கு வந்தது. இன்று உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த வித்தையால்தான் சாப்பிடுகிறார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை.

என் கேள்வி வேறு. போட்ட மூட்டை எங்கே போகிறது? தண்ணீர் நிற்கிற நெல் வயலில் யூரியாவை வீசினால் அதில் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. கொஞ்சம் காற்றோடு போகிறது, கொஞ்சம் தண்ணீரோடு போகிறது. கல்யாண வீட்டுக்கு நூறு இலை போட்டு, அறுபது இலையை மாடு தின்ன மாதிரி! (சிரிப்பு) அடுத்த வருஷம் இன்னும் நாற்பது இலை சேர்த்துப் போடு என்கிறார் எதிரணித் தலைவர்.

தலைப்பு என்னங்க? பயிருக்கு உணவு எது என்பதில்லை. மண்ணுக்கு உயிர் எது? நல்ல மண்ணை ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதிலே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவைதான் மக்க வைக்கின்றன, சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுக்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு கரிமம். தழை, சாணி, வைக்கோல், இறந்த வேர், இதெல்லாம்தான். யூரியாவை மட்டும் கொட்டிக்கொண்டு, தழையும் எருவும் திருப்பிக் கொடுக்காவிட்டால், மண்ணில் இருக்கிற கரிமமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று எழுதித் தருகிறார்கள். நம் ஊர் நிலங்கள் பலவற்றுக்கு அந்தச் சீட்டுதான்.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம் தாய்மார்களே. இரண்டு கண்ணாடி டம்ளர் போதும். பொன்னேரிப் பக்கம் என் தாய்மாமன் வீட்டிலே செய்து பார்த்தோம். கத்தரித் தோட்டத்திலே ஒரு காய்ந்த மண்கட்டி. யாரும் உழாத வேலியோரம் இலைச் சருகுக்குக் கீழே ஒரு காய்ந்த மண்கட்டி. இரண்டையும் தண்ணீரில் மெல்ல விட்டோம். தோட்டத்து மண் பிஸ்கட்டைக் காபியில் முக்கிய மாதிரி கரைந்து சேறாகிவிட்டது. வேலியோரக் கட்டி அப்படியே கிடந்தது. மாமன் வெகுநேரம் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “இன்னாடா வாத்தியாரே, வேலிக்கு நான் ஒரு காசு செலவு பண்ணலியே!” (கைதட்டல்) மண்ணை ஒட்டவைக்கிற பசை அந்த நுண்ணுயிரும் மண்புழுவும் தருவது. அது இருந்தால் மழை உள்ளே இறங்கும். இல்லாவிட்டால் மேல்மண் மழையோடு போகும்.

சகோதரி வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். உழவு அதிகாரத்தில் 1037-ஆம் குறளைச் சொல்லி, புழுதி கால் பங்காகக் காயும்படி உழுதால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே என்றார். தமிழ் வாத்தியாரிடமே! (சிரிப்பு) அம்மா, அடுத்த குறளையும் படித்திருக்கலாம். 1038-லே உழுவதைக் காட்டிலும் எரு இடுவது நல்லது என்கிறார். முந்தின குறளில் உழவின் பெருமை சொன்ன மனிதர், அடுத்த மூச்சிலேயே எருவை அதற்கு மேலே வைக்கிறார்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். நடுவர் அவர்கள் தண்டனை கொடுத்தாலும் சரி.

1999-ஆம் வருஷம். எனக்குப் புதிதாக வேலை கிடைத்த மிடுக்கு. நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தேன். 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டு வெளியே வந்து, 2013-ல் கண்மூடும்வரை ஊர் ஊராக நடந்த மனிதர் அவர். நேரே மாமன் வீட்டுக்குப் போனேன். “மாமா, இந்தப் போகத்திலிருந்து ஒரு மூட்டை யூரியா வாங்கக்கூடாது” என்றேன். படித்த மருமகன் சொல்கிறானே என்று அவரும் மூன்று ஏக்கரையும் ஒரேயடியாக மாற்றினார். பசுந்தாள் இல்லை, கிடை இல்லை, மாடு விற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. வெறும் நிறுத்தம். அவ்வளவுதான். பயிர் மஞ்சளாக நின்றது. பாதிகூடத் தேறவில்லை. அத்தையின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. என் பேச்சாலே போனது. அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சள் கயிற்றோடு வந்து “சாப்பிடுப்பா” என்று இலை போட்டார். அந்தச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து நாட்டிலும் இதுதானே நடந்தது? 2021-ல் இலங்கை ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. நெல்லும் தேயிலையும் அடிபட்டன. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். எதிரணியினர் இதைத்தான் பெரிய ஆயுதமாகத் தூக்கினார்கள். நான் சொல்கிறேன், அங்கே தோற்றது எருக்குழி இல்லை. எருக்குழி வெட்டாமலே சாக்கைப் பிடுங்கியதுதான் தோற்றது. நாற்பது வருஷம் ஊன்றுகோலில் நடந்தவனிடமிருந்து கோலைப் பிடுங்கிவிட்டு ‘ஓடு’ என்றால் ஓடுவானா?

மாமன் கைவிடவில்லை. என்னைத்தான் கைவிட்டார், என் பேச்சை இனிக் கேட்பதில்லை என்று! (சிரிப்பு) ஒரு ஏக்கர் மட்டும் எடுத்துக்கொண்டார். நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுதார். கோடையிலே ஆட்டுக் கிடை போட்டார். ஒரு மாடு வாங்கினார். யூரியாவை அடியோடு நிறுத்தவில்லை, அரை அரை மூட்டையாகக் குறைத்தார். நாலாம் வருஷம் சங்கிலி திரும்பி வந்தது. அத்தை எனக்கு போன் பண்ணி, “வந்து பாத்துட்டுப் போ” என்றார். சங்கிலியையா, வயலையா என்று நான் கேட்கவில்லை. (கைதட்டல்)

நாலு டன்னை யார் சுமப்பது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். சென்னையில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை சுமார் ஐயாயிரம் டன். அதிலே ஏறக்குறைய பாதி காய்கறித் தோல், சோறு, வாழையிலை, பூ. அதை லாரியில் சுமந்து வந்து எங்கள் கொடுங்கையூரிலே கொட்டுகிறீர்களே, அப்போது யார் சுமப்பது என்று யாராவது கேட்டீர்களா? (பலத்த கைதட்டல்) குப்பை என்ற சொல்லுக்குக் குவியல் என்று பொருள். நெற்குப்பை என்று சிவகங்கைப் பக்கம் ஓர் ஊரே இருக்கிறது. நெல் குவிந்ததும் குப்பைதான் நமக்கு. கண்ணாடியும் பாட்டரியும் பிளாஸ்டிக்கும் கலந்த பிறகுதான் அது அசிங்கம் ஆனது. கலந்ததை எந்த உழவனும் வயலில் போட மாட்டான், போடவும் கூடாது. பிரிப்பது உங்கள் சமையலறையிலே, அரை நிமிஷ வேலை.

மணலி உரத் தொழிற்சாலை என்ன செய்கிறது தெரியுமா? கொடுங்கையூரிலே சுத்திகரித்த நம் சாக்கடைத் தண்ணீரை 1990-களிலேயே வாங்கி, மேலும் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. உரச்சாக்கு தயாரிக்கிறவனே நம் கழிவுக்கு மதிப்பு கொடுத்துவிட்டான். நாம்தான் வாழைப்பழத் தோலைப் பிளாஸ்டிக் பையிலே கட்டி வீசுகிறோம்!

யூரியாவுக்குத் தாய் அம்மோனியா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கப்பலிலிருந்து உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயில் அந்தத் தாய் கசிந்தாள். எண்ணூர் பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கடையிலே 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மீதி விலையை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கிறது என்று எதிரணியினர் சொன்னார்கள். அந்த ராத்திரி ஓடினவர்கள் கொடுத்தது எந்தக் கணக்கிலே வரும்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியிலே காய்கறித் தோலையும் சருகையும் மக்க வைக்கிறார். எதிலே தெரியுமா? பழைய யூரியா சாக்கிலே! (சிரிப்பு, கைதட்டல்) “என்னப்பா, நான் மேடைமேடையாக இதை எதிர்த்துப் பேசுறேன், நீங்க சாக்கை விட மாட்டேங்கிறீங்களே” என்றேன். “நீ பேசறது உள்ள இருந்த சரக்கைப் பத்தி. சாக்கு கெட்டிடா, நான் தூக்கிப் பார்த்திருக்கேன்” என்றார். போன வாரம் அதிலே ஒரு தக்காளி தானாக முளைத்திருக்கிறது.