யார் மூட்டிய நெருப்பு, யார் இருமும் நெஞ்சு?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காடு எரிந்தது சுமத்ராவில். கண் எரிந்தது நமக்கு. 2015-லும் 2019-லும் பள்ளிகளையே மூடினார்கள். புகைமூட்டம் கடல் கடந்து வரும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த அனுபவத்தோடு, நம்மில் சிலருடைய பாட்டன் ஊரான சந்திரகிரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சந்திரகிரி ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டுத் தாலுகா. 1911-இல் அது சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022-இல் சந்திரகிரி திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. இத்தனை கோடுகளையும் மனிதன் போட்டான். காற்று ஒன்றையும் மதிக்கவில்லை. வாடைக்காலத்தில் வடக்கே கிளம்பிய புகை தெற்கே வருகிறது. தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கின் புகை வடக்கே போகிறது.

அங்கே புகைக்குப் பஞ்சமில்லை. மாசி, பங்குனியில் சேஷாசலக் காடு பற்றும். 2014 மார்ச்சில் திருமலைக் காட்டுத் தீயை அணைக்க விமானப் படையின் ஹெலிகாப்டர்களே வரவேண்டியிருந்தது. கரும்புச் சோகை, குப்பைமேடு, விறகடுப்பு, மலைக்குப் பக்தர்களைச் சுமக்கும் வண்டிகள் என்று மற்றவையும் உண்டு.

தோழர்களே, கண்ணுக்குத் தெரியும் புகை பாதிதான். வண்டிப் புகையிலும் காட்டுத் தீயிலும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிம ஆவிகளும் வெயிலில் கலந்து ஓசோனாகின்றன. வானத்து உயரத்தில் இந்த ஓசோன் நமக்குக் குடை. தரையில் அதுவே நஞ்சு. அது நெஞ்சை இறுக்கும், ஆஸ்துமாவைக் கிளறும், பயிரின் இலையை வாட்டும். நிலக்கடலை அதற்கு எளிதில் இளைக்கும் பயிர்களில் ஒன்று. நகரத்தில் வண்டி கக்கும் புதுப்புகையே ஓசோனைக் கொஞ்சம் தின்றுவிடும். காற்றோடு தள்ளிப் போன பிறகு, கிராமத்தில்தான் அது பெருகும். வண்டி ஓடுவது பட்டணத்தில். விளைச்சல் குறைவது பட்டிக்காட்டில்!

இதெல்லாம் தெரியாத சங்கதியல்ல. சந்திரகிரி தாண்டிச் சித்தூர் சாலையில் காதங்கி இருக்கிறது. இந்தியாவின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அங்கேதான். 1990-களிலேயே அந்த ஊரில் தரை ஓசோனை அளந்தார்கள். வெயில் ஏற அது ஏறுவதையும் மழைக்காலத்தில் இறங்குவதையும் கண்டார்கள். விஞ்ஞானம் வாசலுக்கு வந்துவிட்டது. நிலக்கடலை விதைப்பவன் வீட்டுக்குள் இன்னும் நுழையவில்லை.

அரசு என்ன செய்தது? 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சித்தூர் நகரம் சேர்ந்தது. நல்லது. ஆனால் அது நகரங்களுக்கான திட்டம். நுண்தூசிக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியாவின் 2009 அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. டெல்லி மூச்சுத் திணறியதும் அண்டை மாநிலங்களையும் சேர்த்து 2021-இல் தனி ஆணையச் சட்டம் வந்தது. தெற்கே இருப்பவனுக்கு நுரையீரல் இல்லையா?

நமது கோரிக்கை மூன்று. எல்லைக் கிராமங்களிலும் ஓசோனை அளந்து, கணக்கைத் தமிழிலும் தெலுங்கிலும் ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள். ஆந்திரமும் தமிழகமும் ஒரே மேசையில் உட்காருங்கள். சோகை கொளுத்தும் ஏழை உழவன்மேல் வழக்குப் போடுமுன், அதை மட்கவைக்க வழி கொடுங்கள்.

இந்த வட்டாரத்தின் புகை ஒப்பந்தம் 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா ஒப்புதல் தரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் இருமியவர்கள் நாம். சந்திரகிரிக் குழந்தை அத்தனை காலம் காத்திருக்க வேண்டாம். ஊருக்குக் கடிதம் எழுதும்போது நலம் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள், "உங்கள் ஊர்க் காற்றை யார் அளக்கிறார்கள்?" என்றும் கேளுங்கள்.