மாறாத சேர்விலக்கம்



நமது சங்கப் பதிவேட்டில் ஒருவரே இருவராக இருப்பதுண்டு. படிக்கையில் தகப்பனாரின் முதலெழுத்து, மணமான பின் கணவருடையது. (சந்தாக் கடிதம் இரண்டு முறை வந்தவர்கள் பொறுத்தருள்க!) மாறாதது சேர்விலக்கம் ஒன்றுதான்.

இணைக்கப்பட்ட திறந்த தரவு என்பதும் இப்படித்தான். ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத ஓர் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டால், வெவ்வேறு திணைக்களங்கள் தொகுத்த அட்டவணைகள் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகமும் ரென்செலர் பல்தொழினுட்ப நிறுவகமும் 'பொப்சைகிறிட்' என்ற திட்டத்தில் மாநிலங்களின் சிகரெட் வரி, புகைத்தடைச் சட்டம், புகைப்போர் வீதம் ஆகியவற்றை இவ்வாறு ஒன்றுசேர்த்தன.

2010இல் நியூயோர்க் மாநிலம் ஒரு பெட்டி சிகரெட்டுக்கு 4.35 டொலர் வரி விதித்தது. மிசூரியில் வரி 17 சதம் மட்டுமே. புகைப்போர் வீதமோ அங்குதான் கூடுதல்.

வரி குறைந்ததால் புகைத்தல் கூடியதா? புகைப்போர் கூடியதால் வரி ஏறவில்லையா? மிசூரி வாக்காளர்கள் 2002, 2006, 2012 ஆகிய ஆண்டுகளில் வரி உயர்வை நிராகரித்திருக்கிறார்கள். இரண்டு மாநிலங்களை அருகருகே வைத்தால் மட்டும் இதற்கு விடை வராது. ஒரே மாநிலத்தில் வரி கூடுமுன்னும் கூடிய பின்னும் வந்த ஆண்டுகளை அதே முகவரியில் கோத்துப் பார்க்கவேண்டும்.