லே நகரத்து அடுக்களை

இமயப் பெருந்தொடருக்கு வடக்கே, சிந்து நதிக்கரையிலிருந்து சற்று மேலேறினால் லே என்னும் நகரம். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 11,500 அடி. தில்லியில் விமானம் ஏறுபவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடுகிறார். அவருடைய நெஞ்சும் தலையும் வந்து சேர இரண்டு நாளாகும். அங்கே ஒரு மூச்சிற் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையிற் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்களவே. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இரவில் உறக்கம் பிடிக்காது. தலையிடி வந்து குந்திக்கொள்ளும்.

ஆகவே, லே நகரத்து மக்களைக் காணச் செல்லும் பயணிக்கு அவர்கள் முதலில் வழங்குவது ஒரு தடையுத்தரவு. "இன்றும் நாளையும் எங்கும் போகவேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இருங்கள்" என்று தங்கும் வீட்டுத் தலைவி கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறாள். ஊர் பார்க்க வந்தவருக்கு இது பெரும் ஏமாற்றம். ஆயினும், கால்கள் ஓய்ந்துபோன அந்த இரண்டு நாளிலேதான் அவர் ஒரு லடாக் வீட்டை உள்ளிருந்து காண்கிறார். மூன்றாம் நாள் மலைகளையும் மடங்களையும் தேடி ஓடத் தொடங்கியபின் அந்த வாய்ப்புப் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

லடாக் வீட்டின் நெஞ்சு அதன் அடுக்களை. நடுவே அடுப்பு, சுவரை மறைத்து நிற்கும் தட்டுகளில் செம்பும் பித்தளையுமாகத் துலக்கி அடுக்கிய பாத்திரங்கள், சுவரோரமாக விரிப்புகள், அவற்றின் முன்னே செதுக்கு வேலை செய்த தாழ்ந்த மேசைகள். எங்கே அமர்வது என்பது அங்கே ஒரு சாத்திரம். மேலான இடம் மூத்தோருக்கும் மதிக்கத்தக்கோருக்கும் உரியது. புதிதாக வருபவர் தமக்குரிய இடத்திலும் ஓரிடம் தாழ்ந்தே அமர முயல்வார். வீட்டார் அவரைக் கையைப் பிடித்து மேலே இழுப்பர். இந்த இழுபறி அறியாத வெளியூரார் கண்ட இடத்திற் சப்பணமிட்டு அமர்ந்துவிடுவதும் உண்டு. அதற்காக எவரும் முகஞ் சுளிப்பதில்லை.

அம்மக்களின் மொழியில் பயணி முதலிற் கற்பது 'ஜூலே' என்ற சொல். வணக்கம் என்பதும் அதுவே, போய்வருகிறேன் என்பதும் அதுவே, நன்றி என்பதும் அதுவே. மூத்த பெண்ணை 'அமா-லே' என்பர். தந்தை வயதினரை 'அபா-லே' என்பர். தமையன் வயதினன் 'அச்சோ-லே'. ஈற்றில் வரும் இந்த 'லே' நகரத்தின் பெயரன்று. 'அவர்கள்' என்று சேர்த்துச் சொல்வதைப் போன்ற மரியாதை விகுதி. இதைச் சேர்த்துப் பேசத் தொடங்கும் அந்நியருக்குக் கதவு இன்னும் சிறிது அகலத் திறக்கும்.

பின்னர் தேநீர் வருகிறது. கட்டித் தேயிலையை நெடுநேரம் காய்ச்சி, உப்பும் வெண்ணெயும் இட்டு, நீண்ட மரக் குழாயில் வார்த்துக் கடைந்தெடுப்பது. கடையும்போது எழும் ஓசையினாலேயே அதற்குக் 'குர்குர் சா' என்று பெயர். இனிப்பை எதிர்பார்த்து வாயில் வைப்பவர் திடுக்கிடுவார். தேநீர் என்று எண்ணாமல் இரசம் என்று எண்ணிக் குடித்தால் தொல்லையில்லை. வறுத்த வாற்கோதுமை மாவை அதிற் குழைத்து உண்பது அங்கே அன்றாட உணவு. ஒரு வாய் குடித்தவுடன் கிண்ணம் மறுபடியும் நிரப்பப்படும். வேண்டாம் என்றால் அதை எவரும் நம்பமாட்டார். ஏனெனில், கொடுத்ததை முதல் முறையிலேயே வாங்கிக்கொள்வது அங்கே பண்பாகாது. இரண்டு மூன்று முறை மறுக்கவேண்டும். அத்தனை முறையும் உபசரிக்கவேண்டும். உண்மையாகவே வயிறு நிறைந்தவர் பாடுதான் திண்டாட்டம்.

லே இவ்வுபசாரத்தை நேற்றுப் பழகிய ஊரன்று. கடைத்தெருவின் தலைப்பில் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய பள்ளிவாசல் நிற்கிறது. அதற்கு மேலே குன்றின்மீது, அதே நூற்றாண்டில் செங்கே நம்கியால் என்ற பௌத்த மன்னன் எழுப்பிய ஒன்பது அடுக்கு அரண்மனை. யார்கந்திலிருந்து 18,000 அடிக்கு மேற்பட்ட கரக்கோரம் கணவாயைக் கடந்து வணிகர் வந்தனர். காஷ்மீரத்திலிருந்தும் பஞ்சாப்பிலிருந்தும் திபேத்திலிருந்தும் வந்தனர். பட்டும் தேயிலையும் ஆட்டின் மென்மயிரும் இத்தெருவிற் கைமாறின. வந்தவர்களிற் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டனர். அவர்கள் வழிவந்தோர் 'அர்கோன்' எனப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எல்லைகள் அடைபட்டபோது அந்த வணிகம் ஓய்ந்தது. தெருவோரத்தில் முள்ளங்கியும் கீரையும் உலர்ந்த அப்ரிகொட் பழமும் பரப்பி வைத்திருக்கும் பெண்கள் இன்றும் இருக்கின்றனர்.

மலையூருக்கு வரும் பயணி அங்குள்ளவரிடம் எதைப் பெறுகிறார் என்பதற்கு ஹங்கேரி நாட்டறிஞர் சோமா டி கோரோசின் கதை சான்று. தம் இனத்தின் வேர்களை ஆசியாவிலே தேடி நடந்து வந்த அவர், 1822இல் லேயை அடைந்து, மேலே செல்ல வழியின்றித் திரும்பினார். திரும்பும் வழியில் மூர்கிராப்ட் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்ததே அவரைத் திபேத்து மொழியின்பால் திருப்பியது. 1823இல் சன்ஸ்கார் பள்ளத்தாக்கிலுள்ள சாங்லாவுக்குச் சென்று, சங்கே புன்ட்சோக் என்ற லாமாவிடம் பாடங் கேட்டார். ஒன்பதடிச் சதுர அறையொன்றில், பனி மூடிய மாதங்களில், தீ மூட்ட வழியின்றி ஆசிரியரும் மாணவரும் ஏடுகளின் முன் அமர்ந்திருந்தனர். அவர் ஆக்கிய திபேத்து-ஆங்கில அகராதி 1834இற் கல்கத்தாவில் வெளிவந்தது. அதன் முகப்பிலேயே அந்த லாமாவின் துணை குறிப்பிடப்பட்டிருக்கிறது. அக்காலத்து ஐரோப்பியர் நூல்களில் இத்தகைய நேர்மை அரிது.

லேயின் மகன் ஒருவன் இதன் மறுபக்கத்தை எழுதிவைத்தான். குலாம் ரசூல் கல்வான் வறிய குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே வெளிநாட்டுப் பயணிகளின் கூட்டங்களிற் பணியாளாகச் சேர்ந்து, பின்னர் அக்கூட்டங்களை நடத்திச் செல்லும் தலைவனாக உயர்ந்தவன். தான் அரைகுறையாகக் கற்ற ஆங்கிலத்திலேயே தன் வாழ்க்கையை எழுதினான். அந்நூல் 1923இல் 'சாகிபுமாரின் சேவகன்' என்று பொருள்படும் பெயருடன், அவன் எழுதிய நடையிலேயே பதிப்பிக்கப்பட்டது. பயணிகள் மலைவாசிகளை வருணித்த நூல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மலைவாசி ஒருவன் பயணிகளை, அவர்களுடைய கோபத்தையும் கொடையையும், கண்டு எழுதியவை மிகச் சில. கிழக்கெல்லையிலுள்ள ஓர் ஆறு இன்றும் கல்வான் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு லடாக்கின் கதவு 1974இல் திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி லே நகரத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 31,000 பேர். பின்வந்த ஆண்டுகளில் லடாக்குக்கு வருவோரோ இலட்சக் கணக்கினர். அவர்களாற் பணம் வந்தது, வீடுகள் விடுதிகளாயின, பிள்ளைகள் தொலைவிலுள்ள கல்லூரிகளுக்குப் போயினர். இவையெல்லாம் நன்மையே. சிக்கல் தண்ணீரில் இருக்கிறது.

லேயில் ஓராண்டில் விழும் மழை நான்கு அங்குலமளவே. வயலும் வீடும் வாழ்வது உருகிவரும் பனிநீரால். ஊரூராக 'சுர்போன்' என்ற நீர்க்காவலர் முறைவைத்து வாய்க்காலைத் திருப்பிவிடுவார். முறை தவறி மடை திறப்பது பெருங்குற்றம். பழைய வீடுகளின் மலசலகூடத்துக்கு ஒரு துளி நீரும் தேவையில்லை. மண்ணிட்டு மூடிய கழிவு வசந்தத்தில் வயலுக்கு எருவாகும். விருந்தினருக்கோ நீர்பாயும் மலசலகூடமும், நாள்தோறும் பூம்பாரைக் குளியலும் வேண்டும். அதற்காக நிலத்தைத் துளைத்து நீரை இறைக்கின்றனர். 'அமா-லே' குளியலறையைக் காட்டும்போது இதைச் சொல்வதில்லை. உபசரிக்கப் பழகிய வாய்க்கு 'குறைத்துச் செலவிடுங்கள்' என்பது எளிதில் வராது. சில விடுதிகளிற் கதவில் ஒட்டிய சிறு அறிவித்தல் அவர்களுக்காகப் பேசுகிறது. அதைப் படிப்பதும் விடுவதும் வந்தவர் பாடு.

2010ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 5ஆம் தேதி நள்ளிரவில், மழையறியாத அந்நகரத்தின்மீது மேகம் வெடித்துக் கொட்டியது. வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்பக் கட்டிய மண்கல் வீடுகள் சேற்று வெள்ளத்தில் அழிந்தன. இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். அப்போது ஊரில் இருந்த பயணிகள் பலர் மண்வெட்டி ஏந்தி, ஊராரோடு வரிசையில் நின்று, வீடுகளிலிருந்து சேற்றை அள்ளிக் கொட்டினர்.

மாரி வந்தால் லே மீண்டும் ஊராருடையதாகிறது. வெப்பம் உறைநிலைக்குக் கீழே இருபது பாகை வரை இறங்கும். குழாய்கள் உறைந்து வெடிக்காதபடி வீட்டார் அவற்றின் நீரை வடித்துவிடுகின்றனர். பல விடுதிகள் பூட்டப்படுகின்றன. அந்நாளில் வந்து சேரும் ஒருவரிருவருக்கு மேல்மாடி அறை குளிர் தாங்காது. அடுப்பைச் சுற்றி வீட்டார் இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கும் ஓரிடம் விரிக்கப்படுகிறது. முகங் கழுவ வெந்நீர், ஒரு சிறு வாளியில், அளவாக வருகிறது.