கடற்கரை வாசமும் மாதச் செலவும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடும்ப வரவு செலவு பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். உள்ளூர்ச் செலவை நீவிர் எம்மினும் நன்கறிவீர். ஆதலின் யாம் சிறிது தொலைவு சென்று, அயல்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் குடியேறி வாழ்வோரின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்கிறோம். பிறர் கணக்கை ஆராயுங்கால் நம் கணக்கின் பிழையும் புலப்படும் அன்றோ?

தாய்லாந்து நாட்டில் ஹுவா ஹின் என்றோர் ஊர் உளது. அச்சொற்குக் கல்தலை என்பது பொருள். 1911-இல் புகைவண்டிப் பாதை ஆங்கு எட்டியது. 1923-இல் இரயில்வே விடுதி எழுந்தது. அந்நாட்டு மன்னர் பிரஜாதிபோக் அக்கடற்கரையில் அரண்மனையொன்று கட்டுவித்து, அதற்குக் 'கவலைக்குத் தொலைவு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இப்பெயரை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இந்நாளில் அவ்வூரில் ஐரோப்பியர் பலர் ஓய்வூதியம் பெற்று வாழ்கின்றனர். வெயிலும் கடற்காற்றும் அவர்களை அழைத்தன என்பது உண்மையே. எனினும் செலவு குறைவு என்பதும் பெரியதொரு காரணமாகும். எளிமையாக வாழும் தனியொருவரின் மாதச் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கடலை ஒட்டாமல் ஊரின் உட்பகுதியில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகை 12,000 பாத் என்க. உணவு 12,000, மின்சாரமும் தண்ணீரும் 2,500, போக்குவரத்து 3,000, தொலைபேசியும் இணையமும் 1,000, மருந்தும் பிறவும் 4,500. கூட்டினால் 35,000 பாத் ஆகும்.

இத்தொகை அவரவர் பழக்கத்தால் ஏறும், இறங்கும். தெருக்கடையில் உண்பவனுக்கு ஒருவேளை உணவு 50 முதல் 80 பாத்தில் முடியும். பாலாடைக்கட்டியும் திராட்சை மதுவும் இன்றியமையாதவை என்பவனுக்கு அதன் பன்மடங்கு ஆகும். அந்நாட்டார் உண்பதை உண்டு வாழ்வோனுக்கே அவ்வூர் மலிவு. தன் நாட்டை உடன் சுமந்து செல்வோன் சுமைகூலி கொடுத்தே தீரவேண்டும்.

இதுவரை கூறியது செலவுப் பக்கம். இப்பக்கத்தை மட்டும் பார்த்துப் பெட்டி கட்டுவோரே மிகுதி. ஆயின் அந்நாட்டு அரசாங்கம் வேறுவிதமாகக் கணக்கிடுகிறது. ஐம்பது வயது கடந்து ஓய்வு வாழ்க்கைக்கு அனுமதி கோருவோன், மாதம் 65,000 பாத் வருவாய் காட்டவேண்டும். அன்றி, அந்நாட்டு வங்கியில் 8,00,000 பாத் வைத்திருத்தல் வேண்டும். வங்கியில் வைத்த அத்தொகையிலும் பாதி ஆண்டு முழுதும் குறையாதிருக்க வேண்டும். ஒருவன் 35,000-இல் வாழலாம் எனின், 65,000 எதற்கு என வினவுவீர்கள். அவ்வினாவிற்கு விடை வரவுப் பக்கத்தில் உளது.

இங்கிலாந்திலிருந்து மாதம் ஆயிரம் பவுன் பெறுவான் ஒருவனைக் கொள்வோம். 2006-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 70 பாத் கிடைத்தது; ஆயிரம் பவுன் 70,000 ஆயிற்று. 2019-இல் ஒரு பவுன் 40 பாத்திற்கும் கீழே இறங்கியது. அவன் ஒரு காசும் கூடுதலாகச் செலவிட்டிலன். ஒரு நாளும் சோம்பியிருந்திலன். எனினும் அவன் வருவாயில் ஏறத்தாழப் பாதி மறைந்தது.

இன்னொன்று கேண்மின். பிரிட்டிஷ் அரசாங்கம் தன் முதியோர்க்கு அளிக்கும் ஓய்வூதியத்தை ஆண்டுதோறும் உயர்த்துகிறது. ஆயின் தாய்லாந்தில் வாழ்வோர்க்கு அவ்வுயர்வு இல்லை. 2016-இல் வாரத்திற்கு 155.65 பவுன் முழு ஓய்வூதியம் பெறத் தொடங்கி அங்கே தங்கியவன் பின்னரும் அதனையே பெறுவான். தாய்நாட்டில் தங்கிய அவன் தோழனுக்கு 2024-இல் அது 221.20 பவுன் ஆயிற்று. வாரத்திற்கு 65.55 பவுன் வேறுபாடு! பிலிப்பைன்ஸ் நாட்டிற் குடியேறியிருந்தானாயின் உயர்வு கிடைத்திருக்கும். அந்நாட்டோடு உடன்படிக்கை உண்டு. இவ்வொரு செய்தியைப் புறப்படுமுன் அறியாதவன், வாடகையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் இதில் இழப்பான்.

மூன்றாவது நோய். தாய்நாட்டை விட்டு நிலையாக வெளியேறியவனுக்கு அங்கே இலவச மருத்துவ உரிமை நின்றுபோகிறது. குடியேறிய நாட்டில் தானே பணம் கட்டவேண்டும். காப்பீட்டுத் தொகையோ வயதோடு ஏறிக்கொண்டே செல்லும். வருவாய் இறங்கும் காலமும் நோய் ஏறும் காலமும் ஒன்றாகவே வருகின்றன என்பதை மறவாதீர்.

வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாதாயின் கேடில்லை என்னும் கருத்தை அருளினார். பொன்போன்ற அறிவுரை. ஆயினும், செலவு அகலாதிருக்க, வரவின் வாயில் தானே சுருங்குமாயின் என் செய்வது? அதிகாரத்தின் பெயரே அதற்கு விடை கூறுகிறது. வலியறிதல் என்பது கையிலுள்ள பணத்தை எண்ணுதல் மட்டுமன்று. அப்பணம் வரும் வழி எவர் கையில் உளது என்பதையும் அறிதலாகும்.

நம் குடும்பங்களிலும் பிள்ளைகள் கடல் கடந்து பொருளீட்டுகின்றனர். முதியோர் ஊர்விட்டு ஊர் சென்று தங்க எண்ணுகின்றனர். அவர்கட்கு யாம் கூறுவது இதுவே. அங்கே அரிசி என்ன விலை என்று கேளுங்கள், வேண்டாம் என்னோம். ஆனால் அதற்கு முன், நம் வருவாய் எந்த நாணயத்தில் வருகிறது, விலை ஏறினால் அதுவும் ஏறுமா, படுக்கையில் வீழ்ந்தால் எவர் செலவு, திரும்பி வரவேண்டின் கையில் என்ன மிஞ்சும் என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கிற்கும் விடை கிடைத்தபின் வண்டி ஏறுங்கள்.

தொடக்கத்தில் அரண்மனையின் பெயரை நினைவிற் கொள்ளுமாறு வேண்டினோம் அன்றோ? 1932-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் தலைநகரில் புரட்சி மூண்டு முடியாட்சியின் தனியதிகாரம் முடிவுற்றபோது, மன்னர் 'கவலைக்குத் தொலைவு' என்னும் அம்மாளிகையிலேயே தங்கியிருந்தார். கவலை அங்கும் வந்து சேர்ந்தது. இருந்த இடத்தைத் தேடி வருவது கவலையின் இயல்பு. அது வருமுன் கணக்கை முடித்து வைத்தல் இல்லறத்தார் கடன்.