சலவைச் சோப்பும் வீட்டுக் கணக்கும்

(திருவனந்தபுரம், சாலையில் மகளிர் குழுவினரும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய இந்தச் சாலைக் கடைவீதியைப் பற்றி, இங்கேயே வாழ்கின்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவுமில்லை. வரும் வழியில் மூன்று பொருள்களைக் கண்டேன். நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை இருந்தது. சற்றுத் தள்ளி ஓர் அடுப்பில் நேந்திரங்காய் வறுவல் தேங்காய் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த கடையில் சலவைச் சோப்புகள் அடுக்கப்பட்டிருந்தன. இம்மூன்றில் நடுவிலுள்ள அடுப்பைப் பற்றியே இன்று அதிகம் பேசப் போகிறேன்.

வீட்டிலேயே சலவைச் சோப்புச் செய்தால் மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்பது உங்கள் குழு எனக்கு எழுதியனுப்பிய வினா. விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். கடையில் புதிய தேங்காய் எண்ணெயை வாங்கிச் செய்தால் மிச்சமில்லை, நட்டமே ஏற்படும்.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ தேங்காய் எண்ணெய், 170 கிராம் காஸ்டிக் சோடா, 350 மில்லி லிட்டர் தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ சோப்பு கிடைக்கிறது. சில வாரங்கள் உலர்ந்த பின் அது 1.4 கிலோ அளவுக்குக் குறைகிறது. கேரளத்தில் தேங்காய் எண்ணெய் விலை 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. 400 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ சோப்பில் எண்ணெயின் பங்கு மட்டும் 285 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கடையில் விற்கும் சாதாரணச் சலவைக் கட்டி அதில் பாதி விலைகூட இல்லை. உங்கள் உழைப்புக்கு நான் இன்னும் விலை போடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெண்களின் வீட்டு உழைப்புக்கு விலை போடாமல் விடுவது எங்கள் துறைக்குப் பழகிப்போன பிழை.

அப்படியானால் இம்மாநிலத்தில் வீட்டுச் சோப்பு ஓர் இயக்கமாகவே பரவியது எவ்வாறு? 1962-இல் தொடங்கப்பெற்ற கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், எண்ணெயை மட்டும் வாங்கிச் சேர்த்தால் சோப்பாகும்படி, மற்றப் பொருள்களை அளந்து கட்டிய பொதிகளை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேங்காய் விலை வீழ்ச்சியடைந்து விவசாயி தவித்த காலத்தில், எண்ணெயைச் சோப்பாக்குவது நுகர்வோருக்கும் விவசாயிக்கும் ஒருங்கே பயன்பட்டது. செய்முறை அன்றுபோலவே இருக்கிறது, விலைகள் தலைகீழாகிவிட்டன. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நல்ல தொழில்நுட்பம் எப்போதும் நல்ல திட்டமாக இருந்துவிடுவதில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் ஒரு வழி தெரிகிறது. அன்றைய சென்னை மாகாண அரசு 1914-இல் கோழிக்கோட்டில் சோப்புத் தொழிலகத்தை ஏற்படுத்தியது. அதற்கு வித்திட்டவர் மீன்வளத் துறையை உருவாக்கிய சர் பிரடெரிக் நிக்கல்சன். மீன் எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வியும் அதன் பின்னணியில் இருந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணையம், வேம்பு, இலுப்பை, புங்கம் போன்ற உண்ணத்தகாத எண்ணெய்களிலிருந்து சோப்புச் செய்வதை ஊக்குவித்தது. வாய்க்குப் போகாத எண்ணெய் துணிக்குப் போகட்டும் என்பதே இவற்றின் அடிப்படை.

சாலையில் அத்தகைய எண்ணெய் எது? பலமுறை பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய்தான். எண்ணெயிலுள்ள மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணெய் சாக்கடையில் கொட்டப்பட்டால் கிள்ளியாற்றுக்குக் கேடு. மலிவு விலைக்கு வேறோர் அடுப்புக்குப் போனால் மனிதருக்குக் கேடு. ஆனால் அது முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பயோடீசல் செய்வோர் அதை விலைக்கு வாங்குகின்றனர். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்றவர்களிடமே அதை ஒப்படைக்க வேண்டும். ஆகவே உங்கள் வீட்டுச் சட்டிகளையும், அண்டையிலுள்ள சிறு கடைகளையும் நம்பித் தொடங்குவதே முறையாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. பாமாயிலுக்கு 141 கிராம் போதும். வறுவல் கடை எண்ணெய் தேங்காய் எண்ணெயா, பாமாயிலா, இரண்டும் கலந்ததா என்பது பார்வைக்குத் தெரியாது. பாமாயிலில் 170 கிராம் போட்டால் மிஞ்சிய காரம் சோப்பிலேயே தங்கிக் கையைப் புண்ணாக்கும். எண்ணெயின் இனம் உறுதியாகத் தெரியாதபோது 130 கிராமுக்கு மேல் போட வேண்டாம். சோப்பு சற்று மென்மையாகவும் பிசுக்காகவும் இருக்கலாம், தோல் தப்பும்.

எண்ணெயை முதலில் துணியில் வடிகட்டுங்கள். உப்பு நீருடன் சூடாக்கி, ஆறவிட்டு, அடியில் தங்கும் நீரையும் கசடையும் நீக்கினால் வாடை பெரிதும் குறையும். பின் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடுங்கள். அதன்மேல் தண்ணீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரிக்கும், எரியக்கூடிய வாயுவும் வெளிப்படும். கரைசல் நன்றாக ஆறிய பின், மெல்லிய தாரையாக எண்ணெயில் ஊற்றிக் கிளறி, கூழ்போல் கெட்டியானதும் அச்சில் வார்க்கலாம். மறுநாள் வெட்டி, மூன்று நான்கு வாரம் காற்றாட வையுங்கள். ஆலைகளில் பெரும்பாலும் பிரித்தெடுக்கப்படும் கிளிசரின் இதில் அப்படியே தங்கிவிடுகிறது. கரைசலைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். குழந்தைக்குத் தண்ணீருக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது.

உங்கள் நகருக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. கரமனையாற்றிலிருந்து அருவிக்கரை வழியாக வரும் குழாய்நீர் மென்னீர்; சோப்பு அதில் எளிதில் நுரைக்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் சேர்ந்து துணியில் வெண்பிசுக்காகப் படியும். அத்தகைய ஊர்களில் டிடர்ஜென்ட் பவுடர் வெற்றி பெற்றதற்கு விளம்பரம் மட்டுமே காரணமன்று.

விற்பனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்வையிட்ட ஒரு மகளிர் குழு, வெட்டிய மறுநாளே சோப்பை எடைபோட்டு, "100 கிராம்" என்று அச்சிட்ட தாளில் சுற்றி அனுப்பிவிட்டது. கடையில் ஒரு மாதம் இருந்தபின் சோதித்தபோது எடை 92 கிராம். எவரும் ஏமாற்ற நினைக்கவில்லை, தண்ணீர் ஆவியாகிவிட்டது. ஆயினும் முழுச் சரக்கும் திரும்பி வந்தது. அப்பெண்களின் முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்களுடைய கடன் விண்ணப்பத்தைப் பரிந்துரைத்தவர்களில் நானும் ஒருவன். உலர்த்தும் காலத்தைப் பற்றி ஒரு சொல்கூட நான் கேட்கவில்லை. எனவே உலர்ந்த பின்னரே எடை, அதன் பின்னரே உறை.

முதல் மூன்று மாதம் விற்க வேண்டாம் என்பது என் யோசனை. உறுப்பினர் வீடுகளில் மட்டும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணெய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு காரம் இட்டது, எத்தனை மணி நேர உழைப்பு, உலர்ந்த எடை என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உழைப்பு நேரத்துக்கு, உங்களுள் ஒருவர் வெளியில் அதே நேரத்தில் ஈட்டக்கூடிய கூலியைப் போடுங்கள். அந்த நோட்டுடன் நாம் மீண்டும் உட்கார்ந்து பேசலாம். இப்போது, முன் வரிசையில் சோப்புத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கும் சகோதரி அதை இங்கே தரட்டும்; தண்ணீரில் கரைத்துப் பார்ப்போம்.