இஞ்சி நல்லது, குளிசைக்கு ஈடாகாது

(மலையகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் அங்கத்தவர்களிடையே சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் சுக்கு என்பதை இங்கே வேர்க்கொம்பு என்கிறார்கள். பெயர் இரண்டு, பொருள் ஒன்று: காய்ந்த இஞ்சி. தடிமன் பிடித்தால் இங்கே மல்லியோடு வேர்க்கொம்பைத் தட்டி அவிப்பார்கள். லயத்தில் நாங்கள் சாயத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போடுவோம். கறியிலும் தேநீரிலும் சேரும் அளவு பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை.

அளவு கூடும்போதுதான் கவனம் வேண்டும். தூளாகவோ கப்சூலாகவோ தினமும் எடுத்தால், வார்பரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவருக்கு இரத்தக் கசிவு ஆபத்துக் கூடலாம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்குச் சீனி மட்டம் அதிகமாக இறங்கலாம். நெஞ்செரிவு உள்ளவருக்கு எரிவு கூடலாம். பித்தப்பையில் கல் இருப்பவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரைக் கேட்டே எடுக்கவேண்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இதைச் சங்கம் ஏன் பேசுகிறது? ஒருநாள் சம்பளம் போகுமே என்று கிளினிக்கைத் தவறவிட்டு, இஞ்சித் தண்ணியோடு சமாளிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. குறை நாட்கூலி முறையில் இருக்கிறது.

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்தமுறை கிளினிக் கொப்பியோடு, வீட்டில் எடுக்கும் தூளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆங்கில வைத்தியரிடம் போனாலும், கைதடி சித்த வைத்தியசாலைக்குப் போனாலும், மற்றவர் தந்த மருந்தை மறைக்காமல் சொல்லுங்கள். கிளினிக் போக லீவு மறுத்தால் எங்களிடம் வாருங்கள். அதைக் கேட்பது சங்கத்தின் வேலை.