டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்றா?
(கூடுவாஞ்சேரியில் நடந்த கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2017-ல் நீட் கட்டாயமானது முதல் நம் வீடுகளில் ஒரு துயரம் தொடர்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று எழுதுகிறான். உம்மாவின் நகை கோச்சிங் சென்டருக்குப் போகிறது. நீட்டை எதிர்த்துக் குரல் கொடுப்போம், அது நம் உரிமை. அதுவரை பிள்ளையின் வயது நின்று காத்திருக்குமா?

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இயங்குகிறது. தொழுநோயால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப் போகும். வேறொரு தசையின் நாணை விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவையை 1940-களின் இறுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொடங்கினார். ஆனால் கத்தியோடு வேலை முடிவதில்லை. மாற்றிய தசையைக் கொண்டு சோற்றைப் பிடிக்க, பொத்தான் போடப் பழக்குபவர் பிசியோதெரபிஸ்ட். உணர்வற்ற பாதத்தில் புண் வராதபடி எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத் தைத்துத் தருபவர் ஒரு கைவினைஞர். இவர்கள் இல்லையென்றால் அந்த அறுவை பாதி வீண். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் தலைமுறைகளைக் கழித்த நம் சமுதாயம், செயற்கைக் கால், ஊன்றுகருவிப் படிப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே!

மேடைக்கு மேடை இப்னு சீனாவின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசுகிறோம். 1248-ல் திமிஷ்கில் மறைந்த இப்னு பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்த மூலிகை அறிஞர். அவர் வழியில் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்மசி படிக்கிறார்கள்? 1948-ன் பார்மசிச் சட்டப்படி, மருந்துக் கடையில் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்றவருக்கே உண்டு. டி.பார்ம். இரண்டே ஆண்டுப் படிப்பு.

பெற்றோர்களே, ஒரு கேள்வி. நம் பெண்களுக்கு மார்பக எக்ஸ்ரே எடுக்க, முதுகு வலிக்குப் பயிற்சி தர, பெண்தான் வேண்டும் என்கிறீர்கள். நியாயம். அந்தப் பெண் யார் வீட்டிலிருந்து வருவாள்? உங்கள் மகளை ஏன் அனுப்பவில்லை?

ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ், கண் பரிசோதனை, பேச்சு-செவிப் பயிற்சி என்று துறைகள் பல. முட்டுக்காட்டில் பன்முக ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சிறப்புக் கல்வி கற்க விரும்புவோர் அங்கே விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மாடியறையில் பெயர்ப்பலகை மாட்டி, "வேலை உறுதி" என்று பணம் பறிப்போர் உண்டு. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் என்று எழுத்தில் கேளுங்கள். 2021-ல் துணை மருத்துவத் துறைகளுக்கென்று மத்தியச் சட்டம் வந்துவிட்டது, விதிகள் மாறுகின்றன. அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டை வரிக்கு வரி படியுங்கள்.

2007-ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு இந்த அரசு இடங்களுக்கும் உண்டு. சாதிச் சான்றில் 'பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்' என்று இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், ரிசல்ட் வரும்வரை காத்திராமல் நாளைக் காலையே இ-சேவை மையத்தில் மனுச் செய்யுங்கள்.